கண் மட்டும் காவல் ஆகுமா?



சாலையைக் கடக்கும்போது இருபுறமும் பார்த்துக் கடக்க வேண்டும் என்பது நாம் சிறு வயதிலேயே கற்ற பாடம். ஆகாயத்திலும் இந்தப் பாடம் உண்டு. 'பார்த்து விலகு' என்பது விமானிகளின் பழைய விதி. ஆனால், விமான நிலையத்தின் அருகே, பயணி விமானங்களும் ஹெலிகாப்டர்களும் நெருங்கிப் பறக்கும் இடத்தில், இந்த விதியை நம்பியே உயிர்களை ஒப்படைக்கலாமா? கூடாது என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன், நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள்.

2025 ஜனவரி 29, இரவு 9 மணிக்குச் சற்று முன்பு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை அடுத்த ரீகன் விமான நிலையத்தில் இறங்குவதற்காக, 64 பேருடன் ஒரு ஜெட் விமானம் பொட்டோமாக் நதியின் மேலே தாழ்ந்துகொண்டிருந்தது. அதே நதியோரமாகப் பயிற்சிக்காகப் பறந்து வந்தது, மூவர் இருந்த ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று. இரண்டும் மோதின. 67 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

கட்டுப்பாட்டுக் கோபுரம் வாளாவிருந்ததா? இல்லை. விமானம் வருவதை ஹெலிகாப்டருக்குத் தெரிவித்தது. ஹெலிகாப்டரில் இருந்தவர்கள், விமானம் தெரிகிறது, பார்த்து விலகிக்கொள்கிறோம் என்று அனுமதி கேட்டார்கள். அனுமதியும் கிடைத்தது. அந்த நொடியிலிருந்து இரண்டு ஊர்திகளுக்கும் முக்கியக் காவல், மனிதக் கண்தான்.

கண்ணின் குறை என்ன? அடுத்த முறை பேருந்தில் ஜன்னலோரம் அமரும்போது, குறுக்குச் சாலையில் வரும் லாரியைக் கவனியுங்கள். ஜன்னலில் அது பின்னோக்கி நகர்ந்தால், நீங்கள் முந்திவிடுவீர்கள். முன்னோக்கி நகர்ந்தால், லாரி முந்திவிடும். இரண்டுமின்றி, ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால்? சந்திப்பை இருவரும் ஒரே சமயத்தில் அடைவீர்கள்! நேர்கோட்டில் சீரான வேகத்தில் செல்லும் எந்த இரு ஊர்திகளுக்கும் இது பொருந்தும். நம் கண்ணோ அசைவதைச் சட்டெனப் பிடிக்கும். அசையாததை எளிதில் தவறவிடும். ஆகவே, மிக ஆபத்தான ஊர்தியே கண்ணுக்கு மிகக் குறைவாக அசைகிறது. இரவில், நகரத்தின் ஆயிரம் விளக்குகளுக்கு நடுவே, அது இன்னொரு விளக்காகவே தோன்றும்.

கருவிகள் காக்காவா எனலாம். மோதலைத் தவிர்க்கும் கருவி பெரிய விமானங்களில் உண்டு. 'மேலே ஏறு', 'கீழே இறங்கு' என்று அது கட்டளையிடும். ஆனால் தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே அக்கட்டளைகள் வராதபடியே அதை அமைத்திருக்கிறார்கள். தரைக்கு அருகில் 'இறங்கு' என்பதே ஆபத்தாகிவிடும் அல்லவா? அன்று ஜெட் விமானத்துக்கு, அருகே போக்குவரத்து இருக்கிறது என்ற எச்சரிக்கை மட்டுமே கிட்டியது. மோதலுக்குச் சுமார் 20 விநாடிகளே இருந்தன.

இனி உயரத்தைப் பார்ப்போம். அந்த வழியில் ஹெலிகாப்டர்கள் 200 அடிக்கு மேல் பறக்கக் கூடாது என்பது அன்றைய விதி. மோதியபோது ஹெலிகாப்டர் சுமார் 278 அடி உயரத்தில் இருந்தது. இதைக் கேட்டதும், விதியை மீறிய விமானியே குற்றவாளி என்று முடிவு கட்டத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணக்கிட்டபோது, விதிப்படியே பறந்தாலும் இரண்டுக்கும் இடைவெளி சில நேரங்களில் வெறும் 75 அடியாகச் சுருங்கும் எனத் தெரிந்தது.

75 அடி என்றால் எவ்வளவு? உயரமானி காற்றழுத்தத்தை அளந்து உயரத்தைச் சொல்கிறது. கடல் மட்டத்தருகே 75 அடி ஏறினால், அழுத்தம் ஆயிரத்தில் மூன்று பங்குகூடக் குறையாது. விபத்துக்குப் பின் அதே வகை ஹெலிகாப்டர்களைச் சோதித்தபோது, பறக்கையில் அவற்றின் உயரமானிகள் 80 முதல் 130 அடி வரை குறைத்துக் காட்டின. ஆக, கருவியின் பிழையே பாதுகாப்பு இடைவெளியை விழுங்கிவிடும்! அப்படி ஒரு வழியை வரைபடத்தில் போட்டதுதான் முதல் குற்றம்.

அபாயம் முன்பே தெரியாதா? தெரிந்துகொள்ள வழி இருந்தது. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை, அந்நிலையத்தருகே பயணி விமானமும் ஹெலிகாப்டரும் பக்கவாட்டில் ஒரு கடல் மைலுக்கும், உயரத்தில் 400 அடிக்கும் குறைவாக நெருங்கிய நிகழ்ச்சிகள் 15,214. மிக அபாயகரமாக நெருங்கியவை 85. இவை பதிவேடுகளில் உறங்கின. விபத்துக்குப் பிறகே கூட்டிப் பார்த்தார்கள். 2025 மார்ச்சில் அந்த ஹெலிகாப்டர் வழியின் அப்பகுதி மூடப்பட்டது.

நெரிசலான நிலையங்களில் கண்ணை நம்பாவிட்டால் போக்குவரத்து தாமதமாகும், நோயாளியை ஏற்றிவரும் ஹெலிகாப்டர்கூடக் காத்திருக்க நேரும் என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். அவசர ஹெலிகாப்டருக்கு முதலிடம் தந்து, பயணி விமானத்தைச் சில நிமிடங்கள் வட்டமிடச் செய்யலாம். எரிபொருள் சிறிது செலவாகும், அவ்வளவே.

கண்ணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கடைசிக் காவலாக இருக்கட்டும். முதல் காவல், வரைபடத்திலேயே தாராளமாக விட்ட இடைவெளியாக இருக்க வேண்டும். இரண்டாவது காவல், மயிரிழையில் தப்பிய ஒவ்வொரு நிகழ்ச்சியையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம். தப்பித்தோம் என்று மகிழ்வது இயல்பு. ஏன் தப்பிக்க நேர்ந்தது என்று கேட்பதே அறிவியல். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலும், பள்ளி வாசலில் உள்ள சாலையிலும் இக்கேள்வியை இன்றே கேட்கத் தொடங்கலாமே!