பயிற்சி அம்மாவுக்கு மட்டும் போதுமா?

நம் வட்டாரங்களில் பெண்களுக்கான தொழில் பயிற்சிப் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. கேக் செய்வது, ரவிக்கை தைப்பது, மணப்பெண் ஒப்பனை, மருதாணி, சேலை மடிப்பு எடுத்துக் கொடுப்பது என ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒன்று நடக்கிறது. சனிக்கிழமை காலை தாமான் மண்டபத்தில் பசியாறலோடு தொடங்கும். மாலையில் சான்றிதழும் குழுப்படமும் முடிந்ததும் எல்லாரும் வீடு திரும்புவார்கள். இந்த முயற்சிகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால், அந்தப் படத்தில் நிற்கும் முப்பது பெண்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் அந்தத் தொழிலைச் செய்கிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

இளையோர் பக்கத்தில் இதை ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பெண்கள் உங்கள் அம்மாக்கள், அக்காமார்கள், அத்தைமார்கள். அவர்களின் தொழில் நிற்பதும் வளர்வதும் பெரும்பாலும் வீட்டில்தான் முடிவாகிறது. அந்த வீட்டில் நீங்களும் இருக்கிறீர்கள்.

இத்தகைய பட்டறைகள் சிலவற்றில் நான் பார்வையாளனாக அமர்ந்திருக்கிறேன். ஒன்றில், கேள்வி நேரத்தின்போது பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். “மாவு பிசையவும் பாக்கெட் கட்டவும் நல்லா சொல்லிக் கொடுத்தீங்க ஐயா. காலையில பிள்ளைங்கள பள்ளிக்கு அனுப்பணும், மத்தியானம் மாமியாருக்கு மருந்து கொடுக்கணும், சாயங்காலம் டியூஷன், அப்புறம் சமையல். இதை நான் எந்த நேரத்துல செய்யறது?” என்று கேட்டார். நேரத்தைத் திட்டமிடக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பயிற்றுநர் பதில் சொன்னார். மண்டபமே சிரித்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அவர் கேட்டது தொழிலைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. பாலினச் சமத்துவத்தைப் பற்றிய கேள்வி. ஒரு நாளின் 24 மணி நேரத்தில் ஒருவருக்கு மட்டும் பதினாறு மணி நேர வேலை இருந்தால், அதை எந்தத் திட்டமிடலாலும் குறைக்க முடியாது. வேறொருவர் பகிர்ந்துகொண்டால்தான் குறையும்.

சட்டத்தில் நாம் பின்தங்கிவிடவில்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை மலேசியா 1995இல் ஏற்றது. 2001இல் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் விதி திருத்தப்பட்டு, பாலினத்தின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற வாசகம் சேர்ந்தது. நம் பெண்களின் உழைப்பும் இந்த வரலாற்றில் உண்டு. 1960களில் பெண் ஆசிரியர்களைத் திரட்டி, ஆண்களுக்கு நிகரான சம்பளம் கேட்டுப் போராடியவர் ராசம்மா பூபாலன். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த நம் நாட்டுத் தமிழ்ப் பெண்களில் அவரும் ஒருவர்.

ஆயினும், இன்று வேலை செய்யும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 56 விழுக்காட்டினரே உழைப்புச் சந்தையில் இருக்கிறார்கள். ஆண்களில் இது 80 விழுக்காட்டுக்கும் மேல். வெளியே இருக்கும் பெண்கள் சொல்லும் முதன்மைக் காரணம் வீட்டு வேலையும் குடும்பப் பொறுப்பும்தான். வீட்டு வேலையும் வேலைதான் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. சொக்சோவின் இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு 120 வெள்ளி செலுத்தினால், வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கும் இல்லத்தரசிக்குப் பாதுகாப்பு கிடைக்கும். அரசாங்கம் ஒப்புக்கொண்டதை நம் வீடுகள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். தீபாவளிக்கு ஓர் அம்மா 40 பாக்கெட் முறுக்கு சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட் 10 வெள்ளி என்று விற்றால் 400 வெள்ளி வரவு. மாவு, எண்ணெய், எரிவாயு, பாக்கெட் எல்லாம் சேர்த்து 280 வெள்ளி செலவு. மீதி 120 வெள்ளியை அவர் இலாபம் என்கிறார். ஆனால் அவர் 14 மணி நேரம் உழைத்திருக்கிறார். மகள் 6 மணி நேரம் உதவியிருக்கிறாள். 120 வெள்ளியை 20 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால், மணிக்கு 6 வெள்ளிதான். நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி. அது மணிக்கு எட்டு வெள்ளிக்கு மேல் வருகிறது. அதாவது, தன் உழைப்புக்கு விலையே போடாமல் அந்த அம்மா தொழில் செய்திருக்கிறார். அவர் உழைப்பு இலவசம் என்று வீடு பழக்கியிருப்பதால், தொழிலிலும் அதை இலவசமாகவே கொடுத்துவிடுகிறார்.

ஆகவே, பாலினச் சமத்துவத்தை ஒரு நாளும் தொழில்முனைவை இன்னொரு நாளும் கற்பிப்பதில் பயனில்லை. இரண்டையும் ஒரே பாடமாகக் கற்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? கடனுக்குக் கையெழுத்திடுபவர் யார், அந்தப் பணத்தைச் செலவழிப்பவர் யார்? அம்மா பட்டறைக்கு வந்த நாளில் அடுப்படியில் நின்றது யார்? பயிற்சியின் முதல் மணி நேரத்தில் இந்தக் கேள்விகள் வர வேண்டும். கணவன்மாரையும் பிள்ளைகளையும் அந்த ஒரு மணி நேரமாவது உடன் அமர வைக்க வேண்டும். மண்டபத்தின் ஒரு மூலையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இருவரை நியமித்தால், கைக்குழந்தை வைத்திருப்பவரும் வருவார்.

அடுத்தது சமூகத் தொழில்முனைவு. இலாபம் ஈட்டிக்கொண்டே ஒரு சமூகச் சிக்கலையும் தீர்க்கும் தொழில் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஓர் அடுக்குமாடியில் ஐந்து பெண்கள் சேர்ந்து தொழிற்சாலை ஊழியர்களுக்கு மதிய உணவு சமைக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் எல்லார் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார். அவருக்கும் சம பங்கு உண்டு. மாத இலாபத்தில் ஒரு பகுதி அந்த மாடிப் பிள்ளைகளின் டியூஷனுக்குப் போகிறது. தனியாக ஒருவரால் முடியாதது ஐவர் சேர்ந்தால் முடிகிறது.

இது நமக்குப் புதிதன்று. வங்கதேசத்தின் கிராமின் வங்கி முறையைப் பின்பற்றி 1987இல் இங்கே தொடங்கப்பட்ட அமானா இக்தியார் மலேசியா, பிணை கேட்காமல், குழுவாகச் சேரும் பெண்களுக்குச் சிறு கடன் கொடுத்து வருகிறது. 2024இல் இந்தியப் பெண்களுக்கென்றே ‘பெண்’ என்ற திட்டமும் அதன் வழி அறிமுகமானது. தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனும் நம் சமூகத்துக்கு உண்டு.

அதற்கும் முன்பே தோட்டப்புறத்தில் நம் பாட்டிமார்கள் கூட்டு பிடித்தார்கள். மாதாமாதம் பணம் போட்டு, முறை வைத்து எடுத்து, நம்பிக்கையை மட்டும் பிணையாக வைத்துக் கணக்கை நடத்தினார்கள். ஏமாற்றுகள் பெருகியதால், கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாயிற்று. அந்த முறைக்குத் திரும்பச் சொல்லவில்லை. குழுவாகச் சேமிக்கவும் ஒருவரை ஒருவர் நம்பவும் தெரிந்தவர்கள் நம் பெண்கள் என்பதைப் பயிற்சி நடத்துவோர் நினைவில் கொள்ள வேண்டும். ஒன்றும் தெரியாதவர்களுக்குப் பாடம் நடத்துவது போல் பேச வேண்டியதில்லை.

பயிற்சிக்குப் பிறகு ஆறு மாதங்களாவது வழிகாட்டல் தொடர வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏற்பாட்டாளர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்பதையும் அறிக்கையில் எழுதட்டும்.

இளையோரே, உங்கள் பங்கும் சிறிதன்று. தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. இணையத்திலேயே செய்துவிடலாம். இதை அம்மாவுடன் அமர்ந்து செய்யுங்கள்; அவர் பெயரிலேயே செய்யுங்கள். உணவுத் தொழில் என்றால், உணவு கையாளுவோருக்கான பயிற்சிக்கும் டைஃபாய்டு தடுப்பூசிக்கும் நாள் பார்த்துக் கொடுங்கள். புலனத்தில் வரும் ஆர்டர்களை எழுதி வையுங்கள். வணிகக் கல்வி படிக்கும் மாணவர்களுக்கு வரவு செலவுக் கணக்கைப் பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மகன்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் உதவி என்றதும் நாம் மகளைத்தான் கூப்பிடுகிறோம். அம்மாவின் சுமை அக்காவின் தோளுக்கு மாறினால் அது சமத்துவம் ஆகாது. பாத்திரம் கழுவுவதும் துணி மடிப்பதும் தம்பியைக் கூட்டி வருவதும் உங்களுக்கும் உரிய வேலைகள்.

இந்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். அம்மா எழும் நேரம் முதல் படுக்கும் நேரம் வரை, எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று ஏழு நாள்களுக்கு எழுதுங்கள். பக்கத்திலேயே உங்கள் கணக்கையும் அப்பாவின் கணக்கையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் வைத்து, குடும்பமாக அதைப் படியுங்கள். எந்த வேலையை யார் எடுத்துக்கொள்வது என்று அங்கேயே பேசி முடிவு செய்யுங்கள்.