வேண்டாம் என்று சொல்லும் உரிமை

தொலைபேசியில் வரும் வணிக அழைப்புகளைத் தடுப்பதற்கென நம் நாட்டில் 2007ஆம் ஆண்டில் ஒரு தேசியப் பதிவேடு உருவாக்கப்பட்டது. ‘அழைக்க வேண்டாம்’ எனப் பதிவு செய்துகொண்டவரை விற்பனைக்காக எந்த நிறுவனமும் அழைக்கக் கூடாது என்பது அதன் சாரம். பின்னர் 2010இலும் 2018இலும் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. 2025 பிப்ரவரி 12 அன்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2018 விதிகளைத் திருத்தி மேலும் கடுமையாக்கியது. ஆனால் விதிகள் பெருகிய அளவுக்கு அழைப்புகள் குறையவில்லை. 2024இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும், பதிவு பெறாத விற்பனை அழைப்பாளர்கள் மீது 7.9 லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்ததாக ஆணையமே தெரிவித்தது. புகார் செய்யும் வழி தெரிந்து, அதற்கு நேரமும் ஒதுக்க முடிந்தவர்களின் கணக்கு இது. எரிச்சலோடு அழைப்பைத் துண்டித்துவிட்டு வேலைக்குத் திரும்பியவர்கள் இதில் இல்லை.

நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் சிறு தொல்லை என்று இதை ஒதுக்குவோர் உண்டு. அது சரியன்று. உழைக்கும் மக்களின் பெயர், எண், ஊர், வருமானம், கடன் பற்றிய விவரங்கள் சரக்காகக் கைமாறும் சந்தை ஒன்று இந்த அழைப்புகளின் பின்னால் இயங்குகிறது.

இத்தொழிலில் இன்று பெரும்பாலும் எண்ணை அழுத்தி அழைப்பது கணினி. கையில் கொடுக்கப்பட்ட பட்டியலிலிருந்து அது ஒரே நேரத்தில் பல எண்களை அழைக்கிறது. எத்தனை பேர் எடுப்பார்கள், எந்த ஊழியர் எப்போது பேச்சை முடிப்பார் என்று கணித்து, இருக்கிற ஊழியர்களைவிட அதிகமான அழைப்புகளை விடுகிறது. கணிப்பு பிசகினால், எடுத்தவரின் காதில் மௌனமே கேட்கும்; சில நொடிகளில் இணைப்பு அறுந்துவிடும். வயலிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் ஓடி வந்து எடுத்தும் மறுமுனையில் யாரும் பேசாத அழைப்புகளில் பல இப்படிப் பிறந்தவைதாம். ஊழியருடைய கூலி நேரத்தில் ஒரு நொடியும் முதலாளிக்கு வீணாகிவிடக் கூடாது என்பதற்காக, மக்களின் நேரம் விலையின்றி எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இதே கணினிக்கு மறுப்பை மதிப்பதும் மிக எளிது. அழைப்பதற்கு முன் ஒவ்வோர் எண்ணையும் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, விருப்பமில்லாதவர்களை நீக்குவது நொடிப்பொழுது வேலை. இதற்காகவே 2018 விதிகள் பிளாக்செயின் வகைத் தொழில்நுட்பத்தைக் கட்டாயமாக்கின. நிறுவனம், விற்பனை அழைப்பாளர், வாடிக்கையாளரின் விருப்பம், அவர் அளித்த இசைவு ஆகிய அனைத்தும் அதில் பதிவாக வேண்டும். ஏட்டளவில் குறை காண முடியாத ஏற்பாடு!

ஆனால் இந்த வாசல் வழியே வராத அழைப்பை இந்தச் சோதனை என்ன செய்யும்? விற்பனை அழைப்புகளுக்கென்று 140இல் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரணப் பத்து இலக்க எண்களிலிருந்து அழைப்பவர்களைப் பதிவேடு தொடுவதேயில்லை. 2024 ஆகஸ்டில் ஆணையம் உத்தரவிட்ட பிறகு, சில வாரங்களுக்குள் 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. இத்தனை இணைப்புகளை விற்றுக் கட்டணம் வசூலித்தவை தொலைத்தொடர்பு நிறுவனங்களே. அழைப்பு பெருகினால் வருவாய் பெருகும் நிறுவனத்திடமே அழைப்பைத் தடுக்கும் பொறுப்பும் தரப்பட்டுள்ளது. தேவையற்ற அழைப்புகளின் எண்ணிக்கையை அவை பொய்யாகக் காட்டினால், முதல் முறை 2 லட்சம், அடுத்து 5 லட்சம், அதன் பின் 10 லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது 2025 திருத்தம். 2024 ஜூலையில் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களின் கட்டணத்தை ஒரே மூச்சில் உயர்த்திய ஜியோவுக்கும் ஏர்டெல்லுக்கும் இது ஒரு தொகையா?

இரண்டாவது ஓட்டை, முகவர் சங்கிலி. வங்கி ஒரு முகவரை அமர்த்துகிறது. அவர் துணை முகவரை அமர்த்துகிறார். பட்டியல் மட்டும் கைமாறிக்கொண்டே செல்கிறது. ஒருவரிடம் சொன்ன மறுப்பு அடுத்தவரின் பட்டியலுக்குப் போவதில்லை. லாபம் மேலே ஏறுகிறது, பொறுப்பு கீழே இறங்குகிறது. கடைசிப் படியில், தலையில் ஒலிவாங்கியுடன் இலக்கை எட்ட வேண்டிய இளம் ஊழியர் அமர்ந்திருக்கிறார். அடுத்து யாரை அழைப்பது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. பேச்சின் வேகம்கூட அவர் கையில் இல்லை. ‘இனி அழைக்காதீர்கள்’ என்று கேட்டதை அவர் நேர்மையாகப் பதிந்தால் அவருடைய பட்டியல் சுருங்கும். பதியாவிட்டால் வசை தொடரும். வசையை வாங்குபவர் அவர், பட்டியலை வாங்கியவர் வேறு. இந்த ஊழியர்களைச் சங்கமாகத் திரட்டும் பணியில் நாம் செல்ல வேண்டிய தூரம் அதிகம்.

கடன் வசூல் அழைப்புகளின் கொடுமை இதனினும் பெரிது. அவை விற்பனை அழைப்பு ஆகா என்பதால் பதிவேடு அங்கே பயன்படாது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. நுண்கடன் தவணை தவறிய பெண்களிடம் கேட்டால், அந்த அறிவுறுத்தலின் மதிப்பு என்னவென்று சொல்வார்கள்.

ஒன்றிய அரசு இதில் நடுவர் இடத்தில் இல்லை. அரசு அனுப்பும் தகவல்கள் இந்த விதிகளுக்கு அப்பாற்பட்டவை. வெள்ள எச்சரிக்கைக்கும் தடுப்பூசி அறிவிப்புக்கும் அந்த விலக்கு தேவைதான். ஆனால் 2024 மக்களவைத் தேர்தலின்போது நடந்தது என்ன? பிரதமரின் கடிதத்துடன் ‘வளர்ச்சியடைந்த பாரதம்’ என்ற வாட்ஸ்அப் செய்தி, நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்த பின்பும் மக்களின் கைப்பேசிகளுக்கு வந்துகொண்டிருந்தது. அதை உடனே நிறுத்துமாறு மார்ச் 21 அன்று தேர்தல் ஆணையம் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட நேர்ந்தது. முன்பே அனுப்பியவை வலைப்பின்னல் தாமதத்தால் பின்னர் சென்று சேர்ந்தன என்பது அமைச்சகத்தின் விளக்கம்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இதே மனப்பான்மையைக் காணலாம். 2023இல் நிறைவேறிய அச்சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்கே தருகிறது. தரவுக் கசிவால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோர வழி செய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்குகிறது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சுருக்கும் பிரிவு உடனே அமலாயிற்று. குடிமக்களின் தரவைக் காக்கும் பொறுப்புகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. யாருக்கு அவசரம், யாருக்கு அவகாசம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

அடிப்படையே மாற வேண்டும். மறுக்காத ஒவ்வொருவரும் அழைப்புக்கு இசைந்தவர் என்று இன்றைய விதி கருதுகிறது. விருப்பம் தெரிவித்தவரை மட்டுமே அழைக்கலாம் என்று அது திருத்தப்பட வேண்டும். கடன் விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் ஒப்புதல், ஒப்புதல் ஆகாது. எந்தப் பொருளுக்காக அழைப்பு வந்ததோ, அதை விற்கும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் முகவரின் செயலுக்கு நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டும். அபராதம் வருவாயின் விகிதத்தில் அமைய வேண்டும். அதில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டும். அழைப்பு மைய ஊழியர்களுக்கு, மறுப்பைப் பதிந்ததற்காக ஊக்கத்தொகை வெட்டப்படாது என்ற சட்டப் பாதுகாப்பு தேவை. நாடாளுமன்றத்தில் இதற்காக இடதுசாரி உறுப்பினர்கள் குரலெழுப்ப வேண்டும்.

அதுவரை, இருக்கிற விதியையாவது மக்கள் பயன்படுத்தக் கிளைகளும் வெகுஜன அமைப்புகளும் உதவலாம். 1909 என்ற எண்ணில் கட்டணமின்றி விருப்பத்தைப் பதியலாம். இதற்கு நவீனக் கைப்பேசி தேவையில்லை. பதிவு பெறாதவர்களின் அழைப்பென்றால், முன்பே விருப்பத்தைப் பதிந்திராதவரும் இப்போது புகார் செய்யலாம். பத்து நாட்களில் ஐந்து புகார்கள் வந்தாலே அந்த அழைப்பாளர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது 2025 திருத்தம். ஒரே தெருவில் ஐந்து பேருக்கு ஒரே எண்ணிலிருந்து அழைப்பு வருவது அரிதன்று. ஏழு நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதால், அழைத்த எண்ணையும் தேதியையும் உடனே குறித்துவைக்குமாறு அவர்களிடம் சொல்ல வேண்டும்.