குடியேறத் தகுந்த ஊர் எது?

சேலத்திலிருந்து எந்தச் சாலையில் புறப்பட்டாலும் சிறிது தூரத்துக்குள் வண்ணக் கொடிகள் கண்ணில் படுகின்றன. மரவள்ளியும் சோளமும் விளைந்த நிலத்தில் கல் நட்டு, மனை மனையாகப் பிரித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து பார்க்கிறார்கள். ஆசிரியர், குமாஸ்தா, லாரித் தொழிலில் இருப்பவர், நாலு தறி வைத்திருப்பவர் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. நகரத்துக்குள் வீடு வாங்கச் சக்தி இல்லை. புறநகரிலாவது ஒரு கூரை வேண்டும் என்பதே அவர்கள் ஆசை. நியாயமான ஆசைதான்.

ஆனால், இருபது வருஷம் தவணை கட்ட வேண்டிய காரியத்தை ஒரு மணி நேரப் பார்வையில் முடிவு செய்துவிடுகிறார்கள் பலர். சதுர அடி என்ன விலை, பஸ் நிலையம் எவ்வளவு தூரம் என்ற இரண்டு கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடுகிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பவர் குறைவு. அது தண்ணீரைப் பற்றிய கேள்வி.

பாறை மேல் வீடு

சேலம், நாமக்கல் மாவட்டங்கள் கெட்டிப் பாறை நிலம். தஞ்சைத் தரணியைப் போல் ஆழமான மணல் படுகை இங்கே இல்லை. மழை நீர் பாறையின் மேல்பகுதியில் உதிர்ந்த மண்ணிலும், அடியில் உள்ள வெடிப்புகளிலும்தான் தங்கும். வெடிப்பு எங்கே ஓடுகிறதோ அங்கேதான் ஊற்று. ஆகவே ஒரு மனையில் ஆழ்துளைக் கிணறு பொங்கி வழியலாம். அடுத்த மனையில் புழுதி பறக்கலாம். “பக்கத்து வீட்டில் இரண்டு அங்குலம் தண்ணீர்” என்று தரகர் சொல்வது பொய்யாக இராது. ஆனால் வாங்குகிறவர் மனைக்கு அது அத்தாட்சி ஆகாது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரிகளுக்கு இந்தியா முழுவதும் பேர் பெற்ற ஊர் திருச்செங்கோடு. அந்தத் தொழில் இந்தப் பக்கத்தில் தழைத்தது தற்செயல் அல்ல.

இதனால் குழாய்த் தண்ணீரே சம்சாரிக்குக் கதி. மேட்டூர் அணை 1934-இல் சேலம் மாவட்டத்திலேயே எழுந்தது. அதன் நீர் கீழே டெல்டாவுக்குப் பாய்ந்தது. மேட்டு நிலத்து ஊர்கள் காவிரியைக் குழாயில் காண வெகு காலம் காத்திருந்தன. இன்று பல ஊர்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் உள்ளன. ஆயினும் திட்டம் ஊருக்கு வந்ததாலேயே புது மனைப் பிரிவுக்கும் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. குழாய் பழைய தெருவோடு நின்றிருக்கலாம். அப்படியானால் வீட்டுத் தவணையோடு தண்ணீர் லாரிக்கும் மாதா மாதம் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

மனை பார்க்க ஏற்ற மாதம் ஐப்பசி அல்ல, சித்திரை. மழைக் காலத்தில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். கத்திரி வெயிலில் போய், அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பெண்களை விசாரிக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது? பகலிலா, நடு இரவிலா? போர் எத்தனை அடி? அந்தத் தண்ணீரில் துவரம் பருப்பு வேகிறதா? இந்த நாலு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில், அச்சடித்த விளம்பரத் தாளை விடப் பெறுமானம் உள்ளது.

விலை மலிவுக்குக் காரணம் உண்டு

சில இடங்களில் விலை ஏன் மலிவு என்று யோசிப்பதும் அவசியம். சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்துக்குள் நுழைந்து காவிரியில் கலப்பது திருமணிமுத்தாறு. நகரத்தின் சாக்கடையும் சாயக் கழிவும் அதில் கலந்ததால், கீழ்ப்பகுதியில் கரையோரக் கிணறுகள் கெட்டன. ஆற்றங்கரை மனை என்றதும் மனம் குளிர வேண்டாம்; கிணற்று நீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது.

ஏரியின் உள்வாயிலும் ஓடைப் பாதையிலும் மண் கொட்டி மேடாக்கிய மனைகள் இன்னொரு வகை. பத்து வருஷம் வறண்டு கிடந்த ஓடையும் ஒரு பெருமழையில் தன் பழைய வழியைத் தேடி வரும். கிராமக் கணக்கையும் புலப்படத்தையும் பார்த்தால் நீர்வழி எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

எந்தத் திசை?

திசைக்கு ஒரு குணம் உண்டு. கிழக்கே ஆத்தூர் சாலையில் உள்ளது அயோத்தியாப்பட்டணம். நகரத்துக்கு அருகில் இருப்பதும், விருத்தாசலம் ரயில் பாதை அதன் வழியே போவதும் அதற்குச் சாதகம். வடக்கே கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி 1966 முதலும், பெரியார் பல்கலைக்கழகம் 1997 முதலும் உள்ளன. அவற்றில் வேலை பார்ப்பவருக்கும், பெங்களூர் மார்க்கத்தில் அடிக்கடி போகிறவருக்கும் ஓமலூர் ஏற்றது. மேற்கே கஞ்சமலை அடிவாரத்தில் 1981-இல் உற்பத்தியைத் தொடங்கியது உருக்காலை. அந்தப் பக்கம் பிழைப்பு உள்ளவருக்குத் தாரமங்கலம் சாலை பொருந்தும்.

தெற்கே மல்லூரும் இராசிபுரமும் உள்ளன. கணவனுக்குச் சேலத்தில் உத்தியோகம், மனைவிக்கு நாமக்கல்லில் ஆசிரியர் வேலை என்று இருக்கும் குடும்பங்கள் இன்று அநேகம். அவர்களுக்கு இராசிபுரம் கிட்டத்தட்ட நடு வழி. 1997 ஜனவரி 1-ஆம் தேதி நாமக்கல் தனி மாவட்டமானது முதல் இராசிபுரத்துக்காரருக்குக் கலெக்டர் ஆபீஸ் நாமக்கல். ஆனால் மல்லூர் சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. சேலம்–நாமக்கல்–கரூர் பாதையில் 2013-இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. மல்லூரிலும் இராசிபுரத்திலும் நிலையங்கள் உண்டு. ஆயினும் அன்றாட வாழ்வு பஸ்ஸைத்தான் நம்பி இருக்கிறது. இராசிபுரத்துக்குள் வராத பஸ்ஸில் ஏறினால் ஆண்டகளூர் கேட்டில் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். கையில் குழந்தையும் பையுமாக இறங்கும் பெண்ணுக்கு அந்தச் சில கிலோமீட்டர் மிக நீளம்.

2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதன் பிறகு, டவுன் பஸ் வந்து திரும்பும் ஊர் எது, வராத ஊர் எது என்பதே குடும்ப வரவு செலவில் ஓர் இனமாகிவிட்டது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பத்திரம் பத்திரமாக

தண்ணீரும் பாதையும் சரி என்றால் பிறகு காகிதம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, சேமிப்பைப் போட்ட ஆயிரக்கணக்கானோர் தவித்தார்கள். 2017-இல் வரன்முறை விதிகள் வந்த பிறகே அவர்களில் பலருக்கு வழி பிறந்தது. அந்தத் தவிப்பு பாடமாக வேண்டும். நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகிய நான்கும் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது கண்ணை மூடிக்கொண்டு கிணற்றைத் தாண்டுவதாகும். ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டங்கள் விற்பனைக்கு முன்பே ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வாங்குகிறவர் மட்டும் விழிப்பாக இருந்தால் போதாது. சாலை எத்தனை அடி அகலம் என்று அளந்து பார்த்து அனுமதி தரும் அதிகாரிகள், தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். அந்தப் பதில் மனைப் பிரிவின் வாசலிலேயே பலகையில் எழுதப்பட வேண்டும். பேரூராட்சிகள் வரி வசூலிக்கும் நாளிலிருந்தே குழாய் போடும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

இந்தச் சமவெளியில் நல்ல ஊர்களுக்குப் பஞ்சமில்லை. சூரமங்கலமே ஒரு காலத்தில் சேலத்துக்கு வெளியே இருந்த தனி ஊர்தான்; 1994-இல் மாநகராட்சி அமைந்தபோது நகரோடு நகராகிவிட்டது. இன்றைய புறநகர்களும் நாளை அப்படி ஆகும். அதுவரை அங்கே குடத்தைத் தூக்குவதும், பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. ஆகவே எந்த ஊர் என்று முடிவு செய்யும்போது முதல் வாக்கு அவர்களுடையதாக இருக்கட்டும். முன்பணம் அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.