எழுதக் கற்பிக்காத பல்கலைக்கழகங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மாணவரிடம் எழுத்தைக் கேட்கின்றன, எழுதக் கற்பிப்பதில்லை. பருவந்தோறும் கட்டுரை, பட்டவகுப்பின் இறுதியில் திட்டக்கட்டுரை, முனைவர் பட்டத்திற்கு ஆய்வேடு என்று அவை கேட்கும் எழுத்துக்கு அளவில்லை. ஆயின், ஒரு கருத்தை எங்ஙனம் முன்வைப்பது, அதற்குச் சான்று எங்ஙனம் காட்டுவது, பிறர் கருத்தை எங்ஙனம் எடுத்தாள்வது, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பனவற்றை எத்தனை வகுப்புகளில் சொல்லித் தருகின்றனர்? நீந்தக் கற்பிக்காமல் ஆற்றில் தள்ளிவிட்டுக் கரையேறாதவனைப் பழிப்பது போன்றதே இந்நிலை.

சிற்றூரிலிருந்து வரும் ஒரு மாணவனை எண்ணிப் பார்க்க. பன்னிரண்டாம் வகுப்புவரை விடைகளை நெட்டுருச் செய்தே மதிப்பெண் பெற்றவன் அவன். தன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆளும் அவனே. அவன் கையில் ஒரு தலைப்பைக் கொடுத்து நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வா என்றால் அவன் என் செய்வான்? முன்னவர் ஏட்டைத் தேடி எடுத்துப் படியெடுப்பான். கையில் பணமுள்ளவனோ எழுதித் தருவாரைத் தேடிப் போவான். 2022-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, கேட்ட அளவில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும் கணினிப் பொறியும் எல்லார் கைக்கும் வந்துவிட்டது. அப்பொறி இல்லாத நூலை உள்ளதாகக் காட்டுவதுண்டு. ஒருவர் எழுதாததை எழுதினாரென்று மேற்கோள் தருவதுமுண்டு. மெய்யும் பொய்யும் பிரித்தறியக் கற்பிக்கப்படாத மாணவன் அதனையும் நம்பித் தன் ஏட்டில் ஒட்டிக்கொள்கின்றான்.

இவனைக் காத்திருப்பது ஒறுப்பு. பல்கலைக்கழக நல்கைக்குழு 2018-ஆம் ஆண்டில் எழுத்துத் திருட்டைத் தடுக்க ஓர் ஒழுங்குமுறை வகுத்தது. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டுக்கு உட்பட்டிருந்தால் ஒறுப்பில்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு திங்களுக்குள் திருத்தி எழுதித் தரல் வேண்டும். 40-க்கு மேல் 60 வரை இருந்தால் திருத்திய ஏட்டைத் தர ஓராண்டுத் தடை. 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். திருட்டைத் தடுப்பதைக் குறை கூறுவாரில்லை. ஆயின் அதே ஒழுங்குமுறை, மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பருவந்தோறும் இதுபற்றி விளக்கமும் பயிற்சியும் தரவேண்டுமென்று கல்வி நிறுவனங்கள்மேல் ஒரு கடமையையும் சுமத்தியிருக்கின்றது. மாணவன் கடமையை அளக்கப் பொறி வைத்தவர்கள், நிறுவனத்தின் கடமையை அளக்க என்ன வைத்தார்கள்? தமிழ் ஆய்வேடும் போய்ச் சேரும் களஞ்சியத்திற்குச் 'சோத்கங்கா' என்று பெயர். ஒப்புமை காணும் திட்டத்திற்குச் 'சோத்சுத்தி' என்று பெயர். பெயரிலும் தமிழில்லை, பயிற்சியிலும் தமிழில்லை!

"தமிழ் தாய்மொழிதானே? தாய்மொழியில் எழுதத் தனியே கற்பிக்க வேண்டுமா?" என்று கேட்பாருண்டு. கேட்டின் வேர் இக்கேள்வியிலேயே உள்ளது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கர், தம் மாணவர்க்கு ஆங்கிலத்தில் ஆய்வுமுறையாக எழுதக் கற்பிப்பதற்கென்றே பல்கலைக்கழகந்தோறும் எழுத்துப் பயிலகங்களை வைத்திருக்கின்றனர். இண்டியானா மாநிலத்துப் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1976-இல் தொடங்கப்பெற்ற பயிலகம், பின்னர் 1990-களில் தன் பாடங்களை இணையத்தில் ஏற்றி, உலகில் எவரும் விலையின்றிப் படிக்குமாறு செய்தது. தமிழ்நாட்டு மாணவன் ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாயின் அங்கே சென்று கற்றுக்கொள்ளலாம். தமிழில் எழுத வேண்டுமாயின் எங்கே செல்வான்? வீட்டில் பேசும் மொழி தானாக வரும். சான்றும் முடிபுமாக எழுதும் மொழி பயிற்சியால்தான் வரும். இதனை ஆங்கிலேயன் வழியினர் அறிந்திருக்க, உலகிற்கு இலக்கணம் வகுத்துக் காட்டிய தமிழன் வழியினர் மறந்தனர்.

மறந்தனர் என்பதே உண்மை. ஏனெனில் இக்கலை தமிழர்க்குப் புதியதன்று. நூல் எழுதுவோன் நீக்க வேண்டிய பத்துக் குற்றங்களையும் கையாள வேண்டிய முப்பத்திரண்டு உத்திகளையும் தொல்காப்பிய மரபியல் தொகுத்துரைக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பாயிரம், இவற்றோடு பத்து அழகுகளையும் ஏழு கோட்பாட்டு நெறிகளையும் சேர்த்துச் சொல்கின்றது. பிறர் கருத்தை ஏற்றல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின் களைதல், தானே ஒன்றை நாட்டி இறுதிவரை நிலைநிறுத்தல், இருவர் முரண்பட்ட இடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் பிழை காட்டல், தன் கொள்கையில் உறுதியாய் நிற்றல் என்பன அவ்வேழும். இன்றைய ஆய்வேடு ஒன்றற்கு இதனினும் தெளிவான வழிகாட்டி எது? தொல்காப்பியரோ, முன்னையோர் கருத்தை முன்னையோர் கருத்தென்றே நூல் முழுதும் சுட்டிச் செல்கின்றார். சேனாவரையர் தமக்கு முற்பட்ட இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்று குறித்து, அவர் கூற்றை எடுத்துக்காட்டிய பின்னரே மறுக்கின்றார். மேற்கோள் நேர்மை மேலையர் கற்பித்ததன்று. தமிழ் உரைமரபின் உயிர்நாடி அது.

அன்றியும், ஆசிரியரிடம் கேட்டறிவது கால்பங்கே என்றும், உடன்பயில்வோரோடு பழகிப் பெறுவது கால்பங்கென்றும், பிறர்க்கு விரித்துரைப்பதனாலேயே எஞ்சிய அரைப்பங்கு நிறையுமென்றும் நன்னூல் கணக்கிட்டுக் காட்டுகின்றது. மூத்த மாணவர் இளைய மாணவரின் எழுத்தைப் படித்து வினவித் திருத்த உதவுகின்ற இன்றைய பயிலக முறை இக்கணக்கில் முன்பே அடங்கியிருப்பதைக் காண்க.

இடையில் நேர்ந்தது என்ன? தமிழைப்பற்றிய ஆய்வையே ஆங்கிலத்தில் எழுதிய காலம் ஒன்றிருந்தது. 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற மு. வரதராசனார் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய தம் ஆய்வை ஆங்கிலத்திலேயே எழுதினார். வ.சுப. மாணிக்கனார் அகத்திணை பற்றிய தம் ஆய்வையும் ஆங்கிலத்தில் எழுதிய பின்னரே தமிழில் 'தமிழ்க்காதல்' ஆக்கித் தந்தார். அந்நிலை மாறித் தமிழாய்வு தமிழிலேயே எழுதப்படலாயிற்று. 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டவகுப்பு முதற்கண் ஆய்ந்து பார்க்கப்பட்டது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. வாயில் திறந்தது, உள்ளே நடக்கக் கைகொடுப்பாரில்லை. அதனாலேயே தமிழ்வழி மாணவன் எழுதிய ஏடு ஒன்று தளர்ந்திருக்குமாயின், பழி பயிற்சியின்மைமேல் விழாமல் தமிழ்மேல் விழுகின்றது. "தமிழில் ஆய்வு எழுத இயலாது" என்பார்க்கு அவ்வேடே கருவியாகின்றது.

இவ்விடத்துத் தமிழ்ப்பற்றாளரும் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். அயற்சொல் களைந்தமட்டில் கட்டுரை ஆய்வாகிவிடாது. தூய தமிழில் எழுதப்பட்ட சான்றில்லாக் கூற்றும் சான்றில்லாக் கூற்றே. மொழிப்பெருமை பேசும் ஏடு ஒன்று மேற்கோள் பிழையோடும் முரணோடும் வெளிவருமாயின், பகைவர் செய்யும் கேட்டைவிட மிகுதியான கேட்டை அது தமிழுக்குச் செய்யும். சொல்லில் தூய்மை வேண்டுவார் சான்றிலும் தூய்மை வேண்டுதல் கடன்.

செய்யத்தக்கவை அரியன அல்ல. கல்லூரி நூலகந்தோறும் ஓர் அறை. அதில் குறித்த நாள்களில் அமரும் ஆசிரியர் இருவர். அவர்க்குத் துணையாகப் பயிற்சி பெற்ற மூத்த மாணவர் சிலர். அவ்வறைக்கு ஒரே கட்டளை இருத்தல் வேண்டும்: எழுதுகோல் மாணவன் கையை விட்டு நீங்குதல் கூடாது. "இதற்குச் சான்று எங்கே? இப்பத்தி முன்பத்தியோடு எங்ஙனம் பொருந்துகின்றது?" என்று வினவலாம், எழுதிக் கொடுத்தல் ஆகாது.

தமிழுக்கென ஓர் எழுத்துக் கையேடும் வேண்டும். மேலையர் முறையை அப்படியே பெயர்த்தால் பயனில்லை. தமிழர்க்குப் பெரும்பாலும் குடிப்பெயர் இல்லை. தலைப்பெழுத்துத் தந்தை பெயரைக் குறிப்பது. அதனை விரித்துக் குடிப்பெயராகக் கொண்டு அடுக்கினால், நூல் எழுதியவர் மறைந்து அவர் தந்தையே நூலாசிரியராவார்! சங்கப் பாடலுக்குப் பக்கவெண் தருவதிலும் பயனில்லை. பதிப்புக்குப் பதிப்புப் பக்கம் மாறும். பாட்டெண்ணும் அடியெண்ணுமே நிலையானவை. இத்தகைய நெறிகளை ஒருமுகமாக வகுத்து எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்றல் வேண்டும். ஒருங்குறியில் தட்டெழுதவும் முதலாண்டிலேயே பயிற்றுதல் வேண்டும்.

அரசும் பல்கலைக்கழகங்களும் இதனைச் செய்யுந்தனையும் தமிழாசிரியர் காத்திருக்க வேண்டுவதில்லை. கிழமைக்கு ஒருநாள் மாலையில் ஐந்து மாணவரை அமர்த்தி, அவர்தம் கட்டுரையை அவர் வாயாலேயே படிக்கச் செய்து, ஐயம் எழுந்த இடத்தில் நிறுத்தி வினவினால் போதும். பயிலகம் அங்கேயே தொடங்கிவிடும். ஒவ்வொரு தமிழ் மாணவனும் தன் கருத்தைத் தன் கையால், தன் மொழியில், சான்றோடு நிறுவ வல்லவனாகும் நாளே தமிழ்வழிக் கல்வி வென்ற நாள். அந்நாளை விரைந்து கொணர்தல் தமிழாசிரியர் கையில் உள்ளது.