அது லாப்ஸ்டரே இல்லைங்க

'நன்னீர் லாப்ஸ்டர் குஞ்சு விற்பனைக்கு' என்று முகநூலில் விளம்பரம் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். முதலில், அது லாப்ஸ்டரே இல்லை. லாப்ஸ்டர் கடலில் வாழ்வது. இது வட ஆஸ்திரேலியா, பாப்புவா நியூ கினி ஆறுகளைச் சேர்ந்த ரெட்கிளா கிரேஃபிஷ். லாப்ஸ்டர் என்றால் நாலு ரிங்கிட் கூடக் கேட்கலாமே, அதற்காக வைத்த பேர்.

பேரோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விடலாம். தொட்டியில் வளர்த்துச் சலித்ததும் சிலர் ஆற்றில் கொண்டுபோய் விடுகிறார்கள். கேட்டால், "பாவம், பொழச்சுப் போகட்டும்." பொழைக்கும் சார், அதுதானே பிரச்சினை! சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் அது தானாகப் பெருகிவிட்டதை 2007இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2016இல் ஜொகூரின் பெனுட் ஆற்றிலும் பதிவானது.

எனக்குப் பயம் பிறை ஆற்றை நினைத்து. நம்ம ஊர் ஊடாங் காலா வாழ்வது ஆற்றில்தான், ஆனால் குஞ்சு பிழைக்க உவர்நீர் வேண்டும். முட்டை சுமந்த தாய் கழிமுகம்வரை இறங்கணும், குஞ்சு வளர்ந்து மறுபடி மேலே ஏறணும். நடுவில் அம்பாங் ஜாஜாரில் நாம் தடுப்பணை கட்டி வைத்திருக்கிறோம், கடல் உப்பு மேலே ஏறாமல் இருக்க. அணை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நானும் இன்ஜினியர்தான். ஆனால் ரெட்கிளாவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அதன் குஞ்சு தாயின் வாலடியிலேயே பொரிந்து, குட்டி ரெட்கிளாவாகவே வெளியே வரும். உப்பும் வேண்டாம், கடலும் வேண்டாம். ஈரத்தரை இருந்தால் நடந்தேகூட அடுத்த குட்டைக்குப் போய்விடும். அணை கட்டி ஒருத்தன் காலைக் கட்டிவிட்டோம். அவனுடைய பொந்துக்கும் தீனிக்கும் போட்டி போட இன்னொருத்தனையும் இறக்கிவிட்டால் எப்படி?

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. ஊடாங் காலா குஞ்சுக்கு உப்பு வேண்டும் என்ற ரகசியத்தை உலகத்துக்குச் சொன்னதே பினாங்குதான். 1960களின் தொடக்கத்தில் குளுகோர் ஆய்வு நிலையத்தில் ஷாவோ வென் லிங் கண்டுபிடித்தார். இன்று உலகம் முழுக்க நடக்கிற நன்னீர் இறால் வளர்ப்பு அதிலிருந்து கிளம்பியது. (நியாயமாகச் சொன்னால், பிரேசில் ஆறுகளில் நம்ம ஊடாங் காலாவே இப்போது வேண்டாத விருந்தாளி.) அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம் ஆஸ்திரேலியக் குஞ்சுக்கு ஆர்டர் போடுகிறோம்.

விற்கிறவர்கள் விளம்பரத்தில் உண்மைப் பேரைப் போடட்டும், 'ஆற்றில் விடாதீர்' என்று ஒரு வரியும் சேர்க்கட்டும். வளர்க்க முடியவில்லையா, சம்பால் வைத்துச் சாப்பிடுங்கள். சத்தியமாக, நன்றாகவே இருக்கும்.