தேய்மானம் ஒரு பக்கம் மட்டும்தானா?

அவினாசி ரோட்டில் அடிபட்ட காரை எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும், விற்கப் போனால் "ஆக்சிடென்ட் வண்டிங்க" என்று விலையைக் குறைக்கிறார்கள். அந்த நஷ்டத்தை இன்சூரன்ஸ் தருமா? தராது. அது பின்விளைவு நஷ்டமாம், பாலிசியில் சேராதாம்!

ஆனால் கிளெய்ம் தரும்போது மட்டும் தேய்மானம் ஞாபகம் வந்துவிடும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பம்பருக்கு 50 சதவீதம் கழிப்பு, வண்டி வாங்கி ஒரே மாதம் ஆகியிருந்தாலும்! கழிக்காமல் இருக்க 'ஜீரோ டெப்' என்று தனி பிரீமியம் கட்ட வேண்டும். கட்டினாலும் விற்கும்போது குறைகிற விலைக்குப் பைசா வராது.

எதிர் வண்டிக்காரர் மீது தப்பு என்றால், 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி தீர்ப்பாயத்தில் அவருடைய இன்சூரன்ஸிடம் நஷ்டஈடு கேட்கலாம்தான். சில ஆயிரத்துக்காக யார் வக்கீல் வைத்து அலைவது?

பற்று மட்டும் எழுதி வரவை மறைத்தால் அதற்குப் பெயர் கணக்கா? இந்த நஷ்டத்தையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லி ஐஆர்டிஏஐ உத்தரவு போட வேண்டும்.