துடைப்பம் சீலிங்குக்கு ஆகாது

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் வீட்டுச் சீலிங்குக்குள் குடியேறும் உயிரினங்கள் சிலவே: எலி, பூச்சி தின்னும் சிறு வௌவால், மைனா, புறா, இங்கே மூசாங் என்று அழைக்கப்படும் மரநாய். இவற்றை விரட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது, காய்ந்து கிடக்கும் எச்சம் வெறும் மண்தான், கூட்டித் தள்ளிச் சாம்பிராணி போட்டால் போதும் என்ற நம்பிக்கை ஜாசினிலிருந்து அலோர் காஜா வரை வேரூன்றிக் கிடக்கிறது. அது பிழையான நம்பிக்கை. விலங்கு மேலே ஓடித் திரிந்த நாட்களைவிட, அது போன மறுநாள் துடைப்பத்தோடு ஏணி ஏறும் நாளே வீட்டாருக்கு ஆபத்தான நாள்.

விலங்கு விட்டுப்போனது என்னவென்று முதலில் பார்க்க வேண்டும். மூசாங் கண்ட இடத்தில் கழிப்பதில்லை. ஒரே மூலையைத் திரும்பத் திரும்பக் கழிப்பிடமாக்கிக்கொள்ளும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் அந்தக் குவியலில் செம்பனைக் கொட்டைகள் முழுசாகக் கிடக்கும். சிறுநீர் ஊறி, கீழே கூடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் பழுப்பு வட்டமாகத் தெரியும். வௌவால் எச்சம் பார்வைக்கு எலிப் புழுக்கை போலத்தான் இருக்கும். கையுறை போட்ட விரலால் நசுக்கினால் எலிப் புழுக்கை கெட்டியாக நிற்கும். வௌவால் எச்சம் பொடிந்து, பூச்சிச் சிறகுத் துணுக்குகள் மினுமினுக்கும். சிக்கல் அந்தப் பொடியில்தான் இருக்கிறது.

வௌவால் எச்சமோ பறவை எச்சமோ சேர்ந்த இடத்தில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரக்கூடும். வெப்பமும் ஈரமும் அதற்கு உகந்தவை; மலேசியாவில் இரண்டுக்கும் குறைவில்லை. அதன் வித்துகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவே இருப்பதால் நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். எச்சம் அசையாமல் கிடக்கும்வரை அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே கிடக்கும். காற்றில் எழுப்பிவிடுவது துடைப்பம்தான். சுவாசித்த 3 நாள் முதல் 17 நாளுக்குள் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி, அசதி தொடங்கலாம். பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு அது உயிருக்கே உலை வைக்கலாம். எக்ஸ்ரேயில் காசநோய் போலத் தோன்றி மருத்துவரையும் ஏமாற்றக்கூடியது.

“தாத்தா காலத்திலிருந்து கூட்டித்தானே வந்தோம், யாருக்கு என்ன ஆனது?” என்பது வழக்கமான எதிர்க்கேள்வி. யாருக்கு என்ன ஆனது என்று யாரும் தேடவில்லை என்பதே அதற்கு விடை. தேடிப் பார்த்த ஒரு முறை என்ன கிடைத்தது என்பதற்கு மலாக்காவே சாட்சி. 2006 மார்ச்சில் இம்மாநிலத்தைச் சேர்ந்த 39 வயது ஆடவர் ஒருவர் கடும் காய்ச்சலும் மூச்சுக் கோளாறுமாக மருத்துவரிடம் போனார். சுமார் ஒரு வாரத்துக்கு முன் அவர் வீட்டுக்குள் ஒரு வௌவால் பறந்து வந்திருந்தது. பின்னர் வீட்டில் இருந்த வேறு சிலருக்கும் அதே போன்ற அறிகுறிகள் கண்டன. மாதிரியை ஆராய்ந்தபோது அதுவரை அறியப்படாத ஒரு வைரஸ் வெளிப்பட்டது. நிப்பா வைரஸைக் கண்டறிந்த டாக்டர் சுவா கா பிங்கும் சக ஆய்வாளர்களும் 2007-இல் இதை வெளியிட்டனர். அந்த வைரஸின் பெயரே மலாக்கா வைரஸ். அந்த வௌவால்தான் தொற்றைக் கொண்டுவந்தது என்று நேரடியாக நிரூபிக்கப்படவில்லை, சீலிங் எச்சத்துக்கும் இதற்கும் தொடர்பு சொல்லப்படவும் இல்லை. ஆனால் வந்த வௌவால் போய்விட்டது, காய்ச்சல் பிறகுதான் வந்தது. ஆய்வுக்கூடம் துருவிப் பார்த்திராவிட்டால் அதுவும் ஒரு சாதாரணக் காய்ச்சலாகவே கணக்கில் போயிருக்கும்.

விலங்கு போன பிறகு தொடங்கும் தொல்லை வேறும் உண்டு. மைனாக் கூட்டில் வாழும் சிற்றுண்ணிகள் குஞ்சுகள் பறந்துபோனதும் இரத்தம் தேடிக் கீழே இறங்கும்; இரவில் காரணம் தெரியாமல் உடம்பெல்லாம் அரிக்கும். எலி கடித்த மின்கம்பி எலி செத்த பின்னும் தோலுரிந்தே இருக்கும், தீப்பொறிக்கு அது போதும். விலங்கின் வாடை தங்கிய இடத்தை அதே இனம் மறுபடி தேடி வரும். அந்த வாடையைப் போக்கக் கப்பூர் பாருஸ் என்னும் அந்துருண்டைகளை வீசினால் அந்த நெடி கீழே படுத்திருக்கும் குழந்தைக்குத்தான் கேடு. சாம்பிராணி தெய்வ வழிபாட்டுக்குரியது, கிருமியைக் கொல்லும் மருந்தல்ல.

தோட்டத்து லைன் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். வரிசை முழுவதற்கும் ஒரே கூரை. பல இடங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டார் விரட்டினால் மூசாங் நாலு வீடு தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். எனவே சுத்தம் செய்வது வரிசை முழுவதற்கும் சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை. தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டப்படி முதலாளியின் கடமை. கூண்டு வைத்துப் பிடித்துக் கொடுத்ததோடு நிர்வாகம் கை கழுவிக்கொள்வதை ஏற்கக் கூடாது.

முறை இதுதான். மூசாங்கைப் பிடிக்க வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானையோ பொதுத் தற்காப்புப் படையையோ அழைக்க வேண்டும். குட்டி உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டையை அடைத்தால் அது அங்கேயே செத்து நாறும். வௌவால் அந்தியில் வெளியேறிய பிறகு, குட்டி இல்லாத காலத்தில், சுண்டுவிரல் நுழையும் இடைவெளியையும் விடாமல் கம்பி வலையாலும் சிமெண்டாலும் அடைக்க வேண்டும். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, அரை மணி நேரம் காற்றோட விட்டு, கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டையோடு ஏற வேண்டும். துணி முகக்கவசம் உதவாது. புகைமூட்டக் காலத்தில் வாங்கி வைத்த என்95 வேண்டும். கால் வைப்பது மரச்சட்டத்தின் மேல் மட்டுமே, சீலிங் பலகை ஆளைத் தாங்காது.

எச்சக் குவியலை உலர்ந்தபடி கூட்டவோ அள்ளவோ கூடாது. சோப்பு நீரை மெல்லிய தூறலாகத் தெளித்து, நனைந்த பின் அள்ளி, இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டும். அதற்குப் பிறகே ஒரு பங்கு குளோராக்ஸுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து துடைத்து, ஐந்து நிமிடமாவது ஊற விட வேண்டும். சிறுநீர் ஊறிய குவியலின் மேல் குளோராக்ஸை நேராக ஊற்றினால் நச்சுவாயு எழும். மூடிய சீலிங்கில் அதைத் தாங்க முடியாது. ஊறிக் கறுத்த பலகையைச் சாயம் பூசி மறைக்காமல் மாற்ற வேண்டும். பழைய வீட்டுப் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அதை உடைப்பதும் துளைப்பதும் தேய்ப்பதும் கூடாது. குவியல் கணுக்கால் அளவுக்கு இருந்தால் வீட்டார் தொடாமல் பயிற்சி பெற்றவர்களிடம் விடுவதே சரி.

இதற்கு முன்பே துடைப்பத்தால் கூட்டிவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால், கிளினிக்கில் மருத்துவர் கேட்காவிட்டாலும், “சீலிங்கைக் கூட்டினேன்” என்பதை நீங்களே சொல்லுங்கள்.